பிரேமாவதியும் பிச்சை பற்றவைத்த கலனும்

திகாம் பத்து காலைச் சந்தையில் பிரேமாவதி காளான் விற்ற காலத்தில், அவரிடம் வாங்கிவிட்டுச் சிரிக்காமல் போனவர்கள் குறைவு. முதல் நாள் பறித்த காளானை அவர் நல்லதோடு கலக்க மாட்டார். தனிக் கூடையில் பாதி விலைக்கு வைத்திருப்பார். யாராவது அந்தக் கூடையைக் கிளறினால், "அது நேத்துப் பறிச்சதுக்கா. மாமியாருக்குன்னா அதுல எடுங்க, ஒங்களுக்குன்னா இதுல எடுங்க" என்பார். பக்கத்தில் மீன் விற்கும் மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சரியான இடத்தில் அவரும் சிரிப்பார்.

அவர் காளான் வைத்து விற்ற மேசையில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். பிரேமாவதி சந்தையை விட்டுப் போனதற்கு ஓர் இரும்புக் கலன் காரணம். அது நீராவியைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் செம்பனை ஆலையில் கொதிகலன் ஓட்டியவன் என்பதால் என்னைப் 'பாய்லரண்ணே' என்பது இந்தப் பக்கத்து வழக்கம். இதில் நான் கண்டதைக் கண்டதாகவும், பிரேமாவதி சொன்னதை அவர் சொன்னதாகவும் எழுதுகிறேன்.

பிரேமாவதி 1969இல் திகாம் பத்துக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு பள்ளி நின்றது. தாயாருக்கு முதுகு போனதும், தாயாருக்கு ஒதுக்கியிருந்த மரநிரையில் தாயாரின் பெயரிலேயே பால் வெட்டினார். சொந்தப் பெயர் பதிவில் ஏறியது அவருக்குப் பதினாறு வயதானபோதுதான். அந்தத் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகையின் கூரைச் சட்டம் இற்றுப்போய், அதை வெல்டிங் செய்து பற்றவைக்கக் குருண் ஊரிலிருந்து ஒரு பட்டறை ஆளை வரவழைத்தார்கள். அவர் பெயர் பிச்சை. வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாராம். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள். பிரேமாவதி பார்த்தார். மறுநாள் கண் இரண்டும் வீங்கிவிட்டன. பிச்சை ஓர் உருளைக்கிழங்கோடு அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தாராம்.

"பாக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"ஒங்கள யாரு பாத்தா? நெருப்பத்தான் பாத்தேன்."

"சரி, இத வெட்டிக் கண்ணுல வைங்க. நாளைக்கு என்னப் பாக்கலாம்."

இதைப் பிரேமாவதி என்னிடம் சொன்னபோது பிச்சை பக்கத்தில்தான் இருந்தார். அவரால் அப்போது பேச முடியாது. இடது பக்க உதடு மட்டும் சற்று இழுத்தது.

1989இல் திருமணம் நடந்தது. காஞ்சனா என்று ஒரே மகள். அவர் ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். விடியுமுன் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர். தோட்டம் விற்கப்பட்ட பிறகு பிரேமாவதியும் பிச்சையும் திகாம் பத்துக்கு வெளியே மலிவு விலை வீடுகளில் கடைசி வீட்டுக்கு வந்தார்கள். கடைசி வீடு என்பதால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது.

பிரேமாவதி ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தார். சூடான அச்சிலிருந்து கையுறையை உரிக்கிற வேலை. பெருந்தொற்றின்போது இரவு பகலாக ஓடிய அந்த வரிசைகள் 2022இல் ஒவ்வொன்றாக நின்றன. வயதானவர்களை முதலில் அனுப்பினார்கள். அதன் பிறகுதான் காளான்.

காளான் வளர்ப்பைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். ரப்பர் மரத்தூளோடு தவிடும் சுண்ணாம்பும் பிசைந்து பைகளில் அடைக்க வேண்டும். அந்தப் பைகளை நீராவியில் அவித்து, உள்ளே இருக்கும் கிருமிகளைக் கொன்ற பின்னரே காளான் விதையை இட வேண்டும். அவியல் போதாவிட்டால் பச்சைப் பூஞ்சை வந்து பையையே தின்றுவிடும். ஏழைகள் எண்ணெய்ப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, விறகு வைத்து, காலையிலிருந்து மாலை வரை அவிப்பார்கள். நெருப்பு ஒரு கணம் தணிந்தாலும் பிழைதான். பெரிய பண்ணைக்காரர்கள் அழுத்தக் கலனில் அவிப்பார்கள். அதற்குள் ஒரு சதுர அங்குலத்துக்குப் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் நீராவி நின்றால் சூடு நூற்றிருபது பாகையைத் தாண்டும். ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். எதுவும் தப்பாது. அவித்து ஆயத்தமான பைகளை வெளியில் வாங்கியும் வளர்க்கலாம். அப்படி வளர்த்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பிரேமாவதியின் பைகளில் பாதி பச்சை கட்டத் தொடங்கியபோது, பிச்சை ஒரு கலன் செய்வதாகச் சொன்னார். பட்டறை வேலையை விட்டு, வீட்டிலிருந்தபடி கேட்டும் கம்பிச் சன்னலும் செய்துகொண்டிருந்தார். பழைய இரும்புக் கடையில் காற்றழுத்த இயந்திரத்தின் தொட்டி ஒன்று கிடைத்தது. விட்டம் இரண்டடி. எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பொறித்த அடையாளத் தகட்டை யாரோ பெயர்த்துவிட்டிருந்தார்கள். ஒரு முனையை வெட்டி எடுத்து, அந்த வாயில் கனமான வளையம் ஒன்றைப் பற்றவைத்து, தட்டையான கதவு மாட்டி, சுற்றிலும் மரையாணி வைத்தார். வளையத்தைப் பற்றவைத்து முடித்த மறுவாரம், 2023 ஆகஸ்டில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. கேட்பதெல்லாம் புரியும். சொல்ல வாய் எடுத்தால் உருவமில்லாத ஓசை மட்டும் வரும்.

பிரேமாவதிக்கு அதற்குப் பிறகு இருந்த வழிகள் இரண்டே. பிச்சையைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி, மீண்டும் புரட்டிப் போடுகிற ஒருவரால் நாள் முழுக்கப் பீப்பாயடியில் நிற்க முடியாது. முயன்று பார்த்தார். நெருப்பைப் பார்த்தால் பிச்சை ஈரத்தில் கிடந்தார். பிச்சையைப் பார்த்தால் பைகள் பச்சை கட்டின. கலன் ஓடினால், பிற்பகலில் பிச்சை தூங்கும் நேரத்தில் அவியல் முடிந்துவிடும். கணவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். கலன் ஓடாவிட்டால் பிரேமாவதி ஏஜெண்டு மூலம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போக வேண்டும். பிச்சையைச் சுங்கை பட்டாணியில் ஓர் இல்லத்தில் விட வேண்டும். காஞ்சனா அந்த இல்லத்தோடு பேசியும்விட்டார். ஒரு கட்டில் காலியாக இருந்தது. நவம்பர் முடியும்வரை வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட நிலையில்தான் ஆயுதபூசை வந்தது. பிரேமாவதியின் தம்பி சுகுமாரன் திகாம் பத்தில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் கடை வைத்திருப்பவர். ஆயுதபூசைக்கு எந்தக் கருவியையும் அழுக்கோடு வைக்க மாட்டார்கள். கழுவி, துடைத்து, முடிந்தால் புதுச் சாயம் அடித்துத்தான் பொட்டு வைப்பார்கள். தம் மாமா செய்த கடைசி வேலை துருவோடு கிடக்கக் கூடாது என்று சுகுமாரன் அதைத் தம் கையால் அலங்கரித்தார். பற்றவைத்த வரியில் மேடு பள்ளமாக இருந்த இடங்களையெல்லாம், கார்க் கதவின் ஒடுக்கில் பூசுவது போலப் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு இழைத்து, மேலே வெள்ளி நிறச் சாயம் இரண்டு கோட் அடித்தார். பிரேமாவதி திருநீறும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிச்சையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து எதிரே வைத்தார்கள். பிச்சை அழுதாராம். மகிழ்ச்சியில் அழுகிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் நடுவில் ஒரு காலையில் நான் போனேன். மழை விட்டிருந்தது. காளான் கொட்டகையின் முன்னால், செங்கல் மேடையில், கலன் கோயில் தேர் போலப் பளபளத்தது. சட்டப்படி இத்தகைய கலனுக்கு அரசாங்கச் சான்றிதழ் வேண்டும் என்பதையும், அடையாளத் தகடு இல்லாத தொட்டிக்கு அதைக் கேட்டுப் போவதே வீண் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"சட்டிபிக்கேட் கெடக்குதுண்ணே. ஒங்க வாயால எனக்கு ஒரு வார்த்த போதும்" என்றார் பிரேமாவதி.

சுகுமாரனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நேத்தே டெஸ்ட் பண்ணியாச்சு. குழாய் கொண்ட்ராக்டர்கிட்ட கைப்பம்ப் வாங்கிட்டு வந்தேன். முப்பது பவுண்டு ஏத்தி அரை மணி நேரம் வச்சோம். மீட்டர் முள்ளு அசையல லா."

"காத்தா, தண்ணியா?"

"காத்துதான் வைக்கப் போனேன். கடையில கொம்ப்ரெசர் சும்மாதானே கெடக்கு? மாமா கத்துன கத்துல நாலு வீட்டு ஆளு ஓடியாந்துருச்சு. அப்புறம் தண்ணி ஊத்துனோம், மனுசன் கப்சிப்."

பிச்சை செய்தது சரி. தண்ணீர் சுருங்காது. அதை நிரப்பி அழுத்தும்போது கலன் கிழிந்தால் தண்ணீர் பீறிடும், அவ்வளவுதான். காற்றை அடைத்து வைத்தால் அது கிழிகிற கணத்தில் விரியும். அப்போது கதவு எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. பிச்சையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாயத்தோடவா டெஸ்ட் பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"சாயத்தோடதான். ஏன், சட்டையக் கழட்டிட்டுத்தான் பண்ணணுமா?"

"நீ டெஸ்ட் பண்ணுனது பட்டிய, தம்பி. டேங்க இல்ல."

"என் பட்டி முப்பது பவுண்டு தாங்குதா? அப்ப கடையில போர்டு வச்சிரலாம் போல."

பிரேமாவதி சிரிக்கவில்லை. "டேய், வாய மூடு. வெளங்குற மாதிரி சொல்லுங்கண்ணே."

சொன்னேன். பற்றவைப்பில் ஊசித் துளை இருந்தால் பட்டியும் சாயமும் அதை அடைத்துவிடும். குளிர்ந்த தண்ணீரை அது கொஞ்ச நேரம் தடுக்கும். நீராவிச் சூட்டில் பட்டி விட்டுப்போகும். துளையைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. துளை இருக்கிற இடத்தில் இரும்பும் இரும்பும் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். பதினைந்து பவுண்டு என்பது சின்ன எண் போலத் தெரியும். அந்த இரண்டடிக் கதவின் மேல் மொத்தமாக அது மூன்று டன். மூன்று டன்னையும் பிடித்து நிறுத்துவது அந்த வளையத்தின் பற்றவைப்பு ஒன்றுதான். அதைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

"சொரண்டணுமா?"

"சொரண்டணும்."

பிரேமாவதி கலனையே பார்த்துக்கொண்டு நின்றார். "பொட்டு வச்சு, கற்பூரம் காட்டுனதுண்ணே. நேத்து தண்ணி பிடிச்சு நின்னப்ப நான் போய்க் காஞ்சனாவுக்குப் போன் போட்டு, அந்தக் கட்டில வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லுன்னு சொல்லிட்டேன்."

சுகுமாரன் சுரண்ட மாட்டேன் என்றார். தாம் இழைத்ததைத் தாமே பெயர்ப்பதா என்று கோபித்துக்கொண்டு வேலியோரம் போய்ப் புகைபிடித்தார். பிரேமாவதி கலனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிச்சையின் கருவிப் பெட்டியிலிருந்து உளியும் கம்பித் தூரிகையும் எடுத்துவந்தார். சாயம் சுருள் சுருளாக விழுந்தது. பட்டி மாவாக உதிர்ந்தது. நான் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே பின்னால் போனேன். கெட்டி இரும்பு தட்டினால் மணி போல ஒலிக்கும். மெலிந்த இரும்பு பதில் சொல்லாது. மேல்பக்கம் முழுவதும் நன்றாக ஒலித்தது. அடிப்பக்கம் செங்கல் மேடையில் பதிந்திருந்தது; அதை அன்று தட்டவில்லை.

வளையத்தின் பற்றவைப்பு மேலிருந்து தெரியத் தொடங்கியது. பார்க்கிறவர்களுக்கு ஆசை வருகிற வேலை. மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று, ஒரே அகலம், ஒரே இடைவெளி. பிரேமாவதி என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "பாத்தீங்களாண்ணே அவர் கைய?" என்றார். "பாக்குறேம்மா" என்றேன். அவர் வேகமாகச் சுரண்டினார்.

வலப்பக்கம் பாதி இறங்கியபோது செதில் கலைந்தது. வரி ஓரிடத்தில் தடித்து, அடுத்த இடத்தில் மெலிந்து, வளையத்தை விட்டு விலகித் தொட்டியின் மேல் ஏறி, மீண்டும் இறங்கியது. நடுநடுவே புழுத் துளைகள். ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு உருகிச் சேரவே இல்லை. மேலே படிந்து நின்றது, அவ்வளவுதான்.

பிரேமாவதியின் கை நின்றுவிட்டது.

"இது அவரு செஞ்சதில்லண்ணே. வேற யாரோ."

"வேற யாரும்மா வந்தா?"

அவர் யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஜூலையில் ஒரு நாள் தேநீர்க் குவளை பிச்சையின் கையிலிருந்து நழுவி விழுந்ததாம். மோட்டார் சைக்கிள் ஓட்டிக் கை மரத்துவிட்டது என்றாராம். இன்னொரு நாள் சட்டைப் பொத்தான் போட முடியாமல் கோபப்பட்டாராம். வளையத்தின் வலப்பாதியை அந்த வாரங்களில்தான் பற்றவைத்திருக்கிறார். கை சொன்னபடி கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

பிரேமாவதி எழுந்து பிச்சையின் முன்னால் போய் நின்றார். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?" பிச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பம்ப் இன்னும் அங்கேயே இருந்தது. கலனில் தண்ணீர் நிரப்பி, மேலே இருந்த திருகைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடி, சுகுமாரனைக் கூப்பிட்டு மெல்ல அடிக்கச் சொன்னேன். ஐந்து பவுண்டில் ஒன்றுமில்லை. எட்டில் வலப்பக்க வரி வியர்த்தது. பன்னிரண்டில் தலைமுடி கனத்துக்கு ஒரு தண்ணீர் இழை வெளியே வந்து, பிரேமாவதியின் புடவையில் விழுந்தது. அவர் நகரவில்லை. சுகுமாரன் பம்பை விட்டுவிட்டார். "அக்கா, நான் வேணும்னு பட்டி பூசலக்கா" என்றார். "தெரியும்டா, போ" என்றார் பிரேமாவதி.

ஆனால் அன்றைக்கே அவர் விட்டுவிடவில்லை. பற்றவைப்பு மோசம் என்றால் அதை வெட்டியெடுத்து வேறு ஒருவர் புதிதாகப் பற்றவைக்கலாமே என்றார். நியாயமான கேள்வி. சரி என்றேன். குருண் பட்டறையில் பிச்சையோடு வேலை செய்த காளிதாசன் ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தோடு வந்தார். வரும்போதே, "என்னா பிச்சண்ண, ஒங்க வேலைய நான் சரி பாக்குற காலம் வந்துருச்சு பாத்தீங்களா" என்றார். பிச்சையின் தொண்டையில் ஏதோ ஓசை வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

கெட்ட வரியைத் தீட்டி எடுத்துவிட்டு மேலிருந்து கீழாகப் புதிதாகப் பற்றவைத்தார். பக்கவாட்டில் நன்றாகப் பிடித்தது. பிரேமாவதி கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்று காளிதாசன் இரண்டு முறை அதட்ட வேண்டியிருந்தது. அடிப்பக்கத்துக்கு வந்தபோது ஒரு 'பொச்' சத்தம் கேட்டது. தொட்டித் தகட்டில் விரல் நுழைகிற ஓட்டை விழுந்திருந்தது. அதை அடைக்கப் பக்கத்தில் பற்றவைத்தார். பக்கத்திலும் ஓட்டை விழுந்தது. அதை அடைக்கப் போனால் இரண்டும் சேர்ந்து ஒன்றாயின. காளிதாசன் முகமூடியைத் தூக்கினார்.

"அக்கா, இது தகடு இல்ல. பிஸ்கட்டு."

அந்தத் தொட்டி பழைய இரும்புக் கடையில் பல ஆண்டுகள் படுத்துக் கிடந்திருக்கிறது. காற்றோடு சேர்ந்த தண்ணீர் அடியில் தேங்கி உள்ளேயிருந்து அரித்திருக்கிறது. வெளியே கால் அங்குலம் போலத் தெரிந்த தகடு, அடியில் நகத்தின் கனம்தான் இருந்தது. எந்த வெல்டராலும் இல்லாத இரும்பில் பற்றவைக்க முடியாது. அடித்தகட்டை வெட்டி ஒட்டுப்போட்டாலும், ஒட்டின் ஓரம் எந்த இரும்பைப் பிடிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நான் அதைச் சொல்லி முடிக்கும்வரை பிரேமாவதி கேட்டுக்கொண்டிருந்தார்.

சுகுமாரன்தான் மீண்டும் ஆரம்பித்தார். "அண்ணே, ஓட்டைய ஒட்டுப்போட்டு அடைச்சிரலாம். பதினஞ்சு வேணாம். அஞ்சுல ஓட்ட முடியும்ல, போலேவா? அஞ்சுன்னா டயரு காத்துகூட இல்லையே."

"அஞ்சுன்னாலும் கதவு மேல ஒரு டன்னு. சூடு நூத்தியெட்டுத்தான் வரும். அதுக்கு மறுபடி நாள் பூரா அவிக்கணும். அதுக்குப் பீப்பாயே போதும்."

"தூரமா நின்னு ஓட்டலாம்ல? ஒரு செவரு கட்டிட்டு?"

"வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். கலனிலிருந்து பிச்சை படுத்திருக்கும் அறையின் சன்னல் பத்தடிகூட இல்லை. சுகுமாரன் சன்னலைப் பார்த்தார்.

பிரேமாவதி சட்டென்று என்னிடம் கோபப்பட்டார். "ஒங்களுக்கு என்னாண்ணே. நீங்க வந்து தட்டிப் பாத்துட்டுப் போயிருவீங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம் ஓட்டிப் பாக்குறேன்னுதானே சொல்றேன்? வெடிச்சா நான்தானே போவேன்?"

அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை. பிச்சையிடம் போய் நாற்காலியின் முன் குந்தினார். "நீங்க சொல்லுங்க. நீங்க செஞ்சது. அண்ணன் வேணாங்குறாரு. நீங்க சரின்னா நான் ஓட்டுறேன். ஓட்டவா?"

பிச்சையின் இடது கை மடியிலிருந்து எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, வலமும் இடமும் அசைத்தார். பிரேமாவதி கேள்வியை மாற்றிக் கேட்டார். "ஓட்டலன்னா அங்க போகணும். அந்த எடத்துக்கு. தெரியுமில்ல?" பிச்சை தலையை ஆட்டினார். தெரியும். "அப்ப ஓட்டவா?" கை மறுபடியும் அதே போல அசைந்தது. மூன்றாம் முறை பிரேமாவதி கேட்டது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பிச்சை கையை அசைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பிரேமாவதி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

காளிதாசன் மின்கம்பியைச் சுருட்டினார். கூலி வாங்கவில்லை.

காலியாக இருந்த கட்டிலை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். காஞ்சனா அழுது கேட்டு, டிசம்பரில் அதே இல்லத்தில் வேறொரு கட்டில் கிடைத்தது. அது சன்னல் இல்லாத உள் அறை. பிச்சையைச் சுகுமாரனின் காரில் கொண்டுபோனார்கள். பிரேமாவதி அவருடைய உடுப்புகளில் பெயர் எழுதிக் கொடுத்தார். அங்கே எல்லாத் துணியும் ஒன்றாகத் துவைக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். பழைய இரும்பு லாரிக்காரர் கலனை வெட்டி ஏற்றிப் போனார். கொட்டகையில் மிச்சமிருந்த பைகள் பச்சை கட்டி, பிறகு கறுத்தன. பிரேமாவதி அவற்றை வாழைகளுக்கு அடியில் கொட்டினார்.

தொழிற்சாலையில் அவருக்குக் கிடைத்தது கையுறைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை. இரவு ஏழிலிருந்து காலை ஏழு. வாரத்தில் ஒரு நாள் இல்லத்துக்குப் போவார். முதல் மாதங்களில் பிச்சை அவரைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாராம். 2024 ஜூனில் இரண்டாம் முறை பக்கவாதம் வந்தது. இப்போது திரும்பிக்கொள்வதில்லை. யார் வந்தாலும் ஒரே பார்வை. இடுப்பில் படுக்கைப்புண் இருக்கிறது. பிரேமாவதி போகிற நாளில் மட்டும் அதைச் சரியாகத் துடைக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். நானும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். சந்தேகம் சரியாகத்தான் இருக்கும்.

சென்ற ஆண்டு கடைசியில், ஒரு மாலை, பெரிய சாலையோரம் தொழிற்சாலைப் பேருந்துக்காகப் பிரேமாவதி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து நானும் நின்றேன். மெலிந்திருந்தார். கையில் சோற்றுப் பொட்டலம். மருந்து, மழை, காஞ்சனாவின் பிள்ளைகள் என்று கொஞ்சம் பேசினோம். பேருந்து தூரத்தில் தெரிந்தபோது அவர் கேட்டார்.

"பாய்லரண்ணே, கோவிச்சுக்காம சொல்லுங்க. அன்னிக்கு ஒட்டுப்போட்டு ஓட்டியிருந்தா வெடிச்சிருக்குமா?"

"தெரியாதும்மா."

"தெரியாதா?"

"மொத நாளே வெடிச்சிருக்கலாம். அஞ்சு வருசம் ஓடியிருக்கவும் கூடும். நம்ப முடியாதுன்னுதான் என்னால சொல்ல முடியும். வெடிச்சே இருக்கும்னு சொன்னா அது பொய்."

"அஞ்சு வருசமா?"

"கூடும்னு சொல்றேன்."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவருக்கு அஞ்சு வருசம் போதுமேண்ணே."

பேருந்து வந்து நின்றது. நேப்பாளப் பையன்கள் முன் இருக்கைகளில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிரேமாவதி கம்பியைப் பிடித்து ஏறி, பின்னால் ஏற வந்த பெண்ணுக்கு வழிவிட்டு உள்ளே நகர்ந்தார்.